யாம் முறுக்கிய போல்ட்டுகள்

ஒரத்தநாட்டிற்கு அணித்தாயுள்ள எமது சிற்றூர் கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது, ஆழ்குழாய் நீரில் விட்டிருந்த குறுவை நாற்று நடவை நெருங்கியிருந்தது; எமது டிராக்டரோ சேற்றுழவின் நடுவே நின்றுவிட்டது. கிளட்ச் மாற்றியதன் பின்னர்ப் பிளைவீலின் போல்ட்டுகள் தளர்ந்து, உள்ளே தட்டுவதுபோல் ஓசை எழலாயிற்று.

வண்டியை இரண்டாகப் பிரித்து, ஸ்பேனரின் முனையிற் குழாயைச் செருகி, வலிமையெல்லாங் கூட்டி யாமே முறுக்கினோம். தந்தையார் மெச்சினார். மூன்றாம் நாள் மீண்டும் அதே ஓசை! நாற்றின் வயதோ இருபத்தைந்து நாளைக் கடந்துவிட்டது.

மெக்கானிக்காயிருந்து ஓய்வுற்ற பெரியப்பா வந்தார். யாம் முறுக்கிய போல்ட்டொன்றைப் புதியதன் அருகே நிறுத்தி, “தம்பி, இது நீண்டுவிட்டது, பார்” என்றார். போல்ட் ஆணியன்று. அஃது அளவோடு நீண்டு, வில்லைப்போல் மீள முயன்று, கிராங்கு சாப்டின் முகத்தோடு பிளைவீலை அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தால் எழும் உராய்வே சுழல்விசையைத் தாங்குவது. இடையே துருவிருப்பின் அது நசுங்கப் பிடி தளரும். நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடையே அயலெழுத்துக் கிடப்பின் புணர்ச்சி ஏது! அளவிறந்து முறுக்கினாலோ போல்ட் மீளுந் தன்மையை இழக்கும். சடுதியிற் கிளட்ச்சை விட்டுப் பாயும் பந்தயக் கார்களிலும் இந்நோய் உண்டு.

பெரியப்பா துருவைச் சுரண்டி, பெட்ரோலாற் கழுவி, புதிய போல்ட்டுகளை எதிரெதிராக மும்முறை முறுக்கி, டார்க் ரெஞ்ச் காட்டிய அளவில் நிறுத்தினார். இன்னுஞ் சிறிது முறுக்குவான் எண்ணி யாம் கைநீட்ட, தட்டிவிட்டார்.

மறுநாள் உழவு முடிந்தது. முதிர்ந்த நாற்றைக் குத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து நட்டோம். தந்தையார் காரணம் வினவியபோது, பெரியப்பா பழி முழுவதையுந் துருவின்மேற் சுமத்தினார். யாமும் மறுக்கவில்லை.