பாரீஸ் டு ப்ரெஸ்ட்... 90 மணி நேர சைக்கிள் பயணம்!

பிரான்ஸில் எந்த பேக்கரிக்குப் போனாலும், நடுவில் ஓட்டையோடு சைக்கிள் சக்கரம் மாதிரி ஒரு பலகாரம் கண்ணில் படும். பெயர் ‘பாரீஸ்-ப்ரெஸ்ட்’. ஒரு சைக்கிள் பந்தயத்தைக் கொண்டாட 1910-ல் உருவானது. அந்தப் பந்தயம் அதைவிட வயதில் மூத்தது. 1891-ல் ஒரு பத்திரிகை நடத்தியது. பாரீஸில் கிளம்பி, அட்லான்டிக் கரையிலுள்ள ப்ரெஸ்ட் துறைமுகத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். சார்லஸ் தெரோன் என்பவர் தூங்காமல் ஓட்டி 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். டூர் டி பிரான்ஸ் பிறந்ததே அதற்கு 12 வருஷம் கழித்துத்தான்!

இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட்டில் நடக்கிறது. முதல் பரிசெல்லாம் கிடையாது. சுமார் 1220 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாம் அந்த 90-க்குள்ளேயே அடக்கம். அதே வருஷம் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை நேரத்துக்குள் முடித்தவர்களுக்குத்தான் அனுமதி. நான் அதையெல்லாம் சென்னை வெயிலில் முடித்துவிட்டு, 2019-ல் பாரீஸுக்குப் பக்கத்திலுள்ள ராம்பூயே ஊரில் போய் நின்றேன். கூடவே கோவைக்கார அண்ணன் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர்.

ஆறாயிரம் பேருக்கு மேல் கிளம்பினோம். முதல் இரவு மறக்கவே முடியாது. மேடு ஏறும்போது நிமிர்ந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு விளக்குகள் ஊர்ந்துகொண்டிருக்கும். யாரும் பேசுவதில்லை. செயின் சத்தம் மட்டும்தான்.

இந்தப் பாதையில் பெரிய மலை எதுவும் இல்லை. ஆனால், சமதளமும் இல்லை! ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். சோளக்காடு, கல் வீடுகள், ஒரு சர்ச் கோபுரம், திரும்பவும் சோளக்காடு. ஆகஸ்ட் என்று நம்பிப் போன எங்களை பிரிட்டனி பகுதியின் இரவுக் குளிர் ஆட்டிவைத்தது. இரண்டாம் இரவு லூதேயாக்கைத் தாண்டியதும் விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடிக்கவே முடியவில்லை. அந்நேரம் ஒரு வீட்டு வாசலில் விளக்கு, மேஜை, ஃபிளாஸ்க். ஸ்வெட்டர் போட்ட பாட்டி ஒருவர் காபியை நீட்டினார். மணி மூன்று! காசு கொடுத்தால் தலையாட்டி மறுத்துவிட்டு, விலாசம் எழுதிய சீட்டைத் தந்தார். ஊருக்குப் போய் ஒரு தபால் அட்டை போட வேண்டுமாம். அந்தப் பாதையில் பல வீடுகளில் இதுதான் காபியின் விலை.

கன்ட்ரோல் எனப்படும் முத்திரை போடும் இடங்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்கள். அங்கேயே சாப்பாடு, கட்டில். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்தால், தோளைத் தொட்டு எழுப்புவார்கள். சைவம் தேடி அலைந்த எனக்கு வாய்த்தது ‘ரி ஓ லே’. ஒன்றுமில்லை, நம்ம பால்சோறு. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

ப்ரெஸ்ட்டில் பழைய பாலத்தின் மேல் நின்று கடலைப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டோம். பாதி முடிந்தது. திரும்பும் பாதிதான் நிஜமான சோதனை. மூன்றாம் இரவு சாலையோர மரங்கள் எனக்கு மனிதர்களாகத் தெரிந்தன. அண்ணனுக்கோ கழுத்து நிற்கவில்லை. நீண்டதூரம் ஓட்டுபவர்களுக்கு வரும் தொல்லை இது. கழுத்துத் தசை ஓய்ந்து, தலை தானாகத் தொங்கிவிடும். அமெரிக்காவின் குறுக்கே நடக்கும் பந்தயத்தில் இது வந்த மைக்கேல் ஷெர்மரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. அண்ணன் ஒரு கையை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து, மறு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டினார். இறக்கங்களில் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

வில்லேன் லா ஜுவேல் ஊரில் திருவிழாக் கூட்டம். மைக்கில் அறிவிப்பு, கைதட்டல். நம் சாப்பாட்டுத் தட்டைச் சின்னப் பிள்ளைகள் மேஜை வரை தூக்கி வருகிறார்கள். அங்கே அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தார்.

“எதிர்ல வர்ற வண்டி எனக்குத் தெரியலை தம்பி. வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நீ கிளம்பு.”

“ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கண்ணா...”

“கிளம்புப்பா. உன் நேரம் போகுது.”

இன்னும் 200 கிலோமீட்டர் பாக்கி. தனியாக ஓட்டினேன். ஏறக்குறைய 88 மணி நேரத்தில் ராம்பூயே. பதக்கம் வாங்கிய கையோடு புல்வெளியில் படுத்துத் தூங்கிவிட்டேன். பாட்டிக்குத் தபால் அட்டை சென்னையிலிருந்து போனது, கபாலீஸ்வரர் கோபுரப் படம் போட்டது.

அண்ணன் விடவில்லை. கழுத்துக்கென்று மூன்று வருஷம் தனிப் பயிற்சி எடுத்து 2023-ல் மறுபடி போனார். நான்காம் நாள் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வில்லேனில் ஒரு சிறுமி தூக்கி வரும் தட்டு, அதில் பால்சோறு. கீழே, ‘சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்’.