பல் போனாலும் சொல் போகாது

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வயது முதிர்ந்த அடியார் பலர் இதனை உண்மையென்றே நம்பி வாயடங்கி விடுகின்றனர். ஒரு காலத்தில் சந்நிதியில் முன்நின்று பதிகம் பாடியவர், பல் விழுந்தபின், அல்லது பல் செட் பொருத்திக்கொண்டபின், தம் சொல் பிறர் காதில் பிழையாக விழுமோ என்று கூசிப் பின்வரிசைக்குச் சென்று விடுகிறார். உதடு மட்டும் அசைகிறது, ஒலி எழுவதில்லை. வீட்டிலும் அப்படியே. பேரப்பிள்ளைகள் அவர் வாயால் ஒரு பதிகம் கேளாமலே வளர்ந்து விடுகிறார்கள். இந்த மௌனம் தேவைதானா என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நாவுக்கே அரசராக விளங்கிய ஒருவரைப் போற்றும் நிலம் கடலூர்ப் பகுதி. திருவதிகையில் சூலைநோய் நீங்கிய மருணீக்கியாருக்கு இறைவன் அளித்த பெயர் நாவுக்கரசு. பல்லவ மன்னனின் ஆணையால் கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டபோது அவர் துணையாகப் பற்றியது நமச்சிவாயத் திருப்பதிகம். கல் மிதந்தது, அவர் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்று பெரிய புராணம் உரைக்கிறது. கடலூரில் ‘கரையேறவிட்டகுப்பம்’ என்னும் இடப்பெயர் இன்றும் அந்நிகழ்ச்சியை நினைவூட்டி நிற்கிறது. கைகால் கட்டுண்ட நிலையிலும் அப்பருக்கு வாய் ஒன்று எஞ்சியிருந்தது. அந்த வாய் எவ்வாறு ஒலியை ஆக்குகிறது என்று அறிந்துகொண்டால், முதுமையில் எது போகிறது, எது நிற்கிறது என்பது தெளிவாகும்.

இதனைத் தமிழில் மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்து வைத்தவர் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், எழுத்துகள் உடம்பில் பிறக்கும் முறையைக் கூறுகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று, நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகிறது என்பது அவர் கருத்து. ஆக, இடங்கள் எட்டு. எக்கருவியும் இல்லாத காலத்தில், தம் வாயையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு, நா எங்கே ஒற்றுகிறது, எங்கே வருடுகிறது, இதழ் எப்போது குவிகிறது என்று அவர் வகுத்த வரையறை இன்றைய ஒலியியலாரும் வியந்து நோக்குவதாக உள்ளது.

இன்றைய அறிவியல் இதற்குச் சில விளக்கங்களைச் சேர்க்கிறது. நுரையீரலிலிருந்து வரும் காற்று மிடற்றிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. பேசும்போது அவை ஆடவர்க்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முறைக்கு மேலும், மகளிர்க்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. இவ்வாறு எழும் ஒலியை வாயும் மூக்கும் வடிவமைத்துத் தருகின்றன. இதில் ஒரு வியப்பு உண்டு. பேச்சுக்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு ஒன்றுகூட நம்மிடம் இல்லை. நா சுவைக்கவும் உணவைப் புரட்டவும் அமைந்தது. பல் மெல்ல அமைந்தது. மூக்கு மூச்சுக்கு உரியது. குரல்நாண்களின் முதற்பணி உணவும் நீரும் மூச்சுக்குழலில் புகாமல் காப்பது. வயிற்றுக்கும் மூச்சுக்கும் உழைக்கும் இவ்வுறுப்புகளையே இறைவன் திருநாமம் சொல்லவும் கூட்டி வைத்திருக்கிறான்.

ஐந்தெழுத்தை மெல்லச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். ‘ந’ என்னும்போது நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியில் பொருந்த, ஒலி மூக்கின் வழியே செல்கிறது. ‘ம’ என்னும்போது இரண்டு இதழ்களும் கூடுகின்றன. அப்போதும் மூக்கே வழி. ‘சி’ என்னும்போது நாவின் நடுப்பகுதி எழுந்து அண்ணத்தின் நடுவைச் சேர்கிறது. ‘வா’ என்னும்போது மேற்பல்லும் கீழிதழும் நெருங்கி, பின் வாய் அகலத் திறக்கிறது. ‘ய’ என்னும்போது மிடற்றிலிருந்து எழுந்த காற்று அண்ணத்தை அணைந்து வெளிப்படுகிறது. மூக்கு, இதழ், நா, பல், அண்ணம், மிடறு என அனைத்தும் இவ்வைந்து எழுத்துகளுக்குள் பணி செய்து முடித்து விடுகின்றன.

இவற்றுள் பல்லுக்கு வேலை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ந, வா ஆகிய இரண்டில் மட்டுமே. அவற்றிலும், நகரத்துக்கு நா பொருந்துவது பல்லின் அடிப்பகுதியில். பல் விழுந்தாலும் ஈறு நிற்கிறது. நா அங்கே சென்று பொருந்தினால் நகரம் குறைவின்றிப் பிறக்கும். வகரத்துக்குப் பல் இல்லையெனில் கீழிதழை மேலீற்றின் அருகிலோ மேலிதழின் அருகிலோ கொண்டு சென்றால் போதும்; கேட்போர் அதனை வகரமாகவே கேட்பர். மகரத்துக்கும் பகரத்துக்கும் இதழ் போதும். ககரத்துக்கு நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் போதும். டகரமும் ழகரமும் பல்லைத் தேடுவதே இல்லை. பழமொழி சொல்லும் இழப்பு சில எழுத்துகளில் நேர்வது. அதுவும் பழக்கத்தால் ஈடுகட்டத் தக்கது.

பல் செட் புதிதாகப் பொருத்தியவர்க்குச் சில நாள் சொல் தடுமாறுவது இயல்பு. அண்ணத்தை ஒரு தகடு மறைப்பதால் நா தனக்குப் பழகிய இடத்தைத் தேடி அலைகிறது. அதற்குப் பல் மருத்துவர் சொல்லும் பயிற்சி, உரத்த குரலில் நிறுத்தி நிதானமாகப் படிப்பது. அடியார்க்கு அது புதிய வேலையன்று. தினம் ஒரு பதிகத்தைச் சொல் பிரித்துப் படித்தால் பயிற்சியும் ஆயிற்று, பாராயணமும் ஆயிற்று. வயதினாலோ மருந்தினாலோ வாய் உலர்பவர்கள் இடையிடையே சிறிது நீர் அருந்திப் படிக்கலாம். ஆனால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர்க்குத் திடீரென்று நா குழறினால் அதனை முதுமை என்று விட்டுவிடலாகாது. அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அந்நோயால் பேச்சை இழந்தவர் சிலர்க்குப் பேச வராத சொல்லும், பழகிய பாட்டாகப் பாடும்போது வருவதுண்டு என்பதும் மருத்துவர் அறிந்ததே. இளமையில் பாடி வைத்தது அப்போது கைகொடுக்கிறது.

பிழையானாலும் போகட்டும் என்று விட்டுவிடுவதும் சரியன்று. கடலூரில் திருப்பாதிரிப்புலியூர், தெற்கே தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் வழிபட்டதால் அமைந்த பெயர்கள் இவை. லகரம் நழுவி ளகரமானால் புலி போய்ப் புளி வந்துவிடும். நா தடித்துப் பல்லின் அடியைச் சேர்ந்து அண்ணத்தில் ஒற்றினால் லகரம்; வருடினால் ளகரம். இடைவெளி நாநுனி அளவுதான். பொருளோ முனிவரின் பெயரையே மாற்றிவிடும். பழம் சிலர் வாயில் ‘பளம்’ என்றும் சிலர் வாயில் ‘பயம்’ என்றும் ஆவதை நாம் அன்றாடம் கேட்கிறோம். இவ்வேறுபாடுகளை எழுதிக் காட்டலாம். நாவில் ஏற்றுவதற்கு அருகில் அமர்ந்து சொல்லித் தரும் ஒரு வாய் வேண்டும்.

இதற்குத் தில்லையே சான்று. தில்லைத் திருக்கோயிலில் பூட்டிய அறை ஒன்றில் மூவர் பாடல்கள் ஏடுகளாக இருந்தன. இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அதனைத் திறந்தபோது, பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்று திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. எஞ்சியவை தொகுக்கப்பட்டன, ஆயினும் அவற்றைப் பாடும் பண்முறை தெரியவில்லை. அப்போது திருவருள் காட்டியது வேறோர் ஏட்டை அன்று. திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் தோன்றிய ஒரு மாதரசியைக் காட்டியது. அவர் வாய்வழியே பண்கள் மீண்டும் வகுக்கப்பட்டன. ஏடு காக்கத் தவறியதை ஒரு குடும்பத்தின் நா காத்து வந்திருந்தது.

இன்று ஏடுகளுக்குக் குறைவில்லை. அச்சுநூல் உண்டு, ஒலிப்பதிவும் உண்டு. ஆனால், குழந்தை தன் நாவை எங்கே வைக்கிறது என்று ஒலிப்பதிவு பார்ப்பதில்லை. ‘இன்னும் சற்று மேலே மடக்கு’ என்று சொல்வதுமில்லை. அதனைச் சொல்ல வல்லவர் வீட்டிலிருக்கும் பாட்டனாரும் பாட்டியாருமே. தம் வாயில் ழகரம் சிறிது தளர்ந்திருந்தாலும், பிள்ளையின் வாயில் அது பிழைத்தால் அவர் காது உடனே அறியும். திருநாவுக்கரசர் 81 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது மரபு; திருப்புகலூரில் இறைவனடி சேரும் வரையிலும் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. அவரைப் போற்றும் நாமும் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வரலாம். நாள்தோறும் மாலையில் விளக்கேற்றியபின், ஒரு குழந்தையை எதிரில் அமர்த்தி, ஒரு பாடலையாவது அது நம் வாயைப் பார்க்கும்படி நிறுத்திச் சொல்லித் தருவோம்.