குருக்ஷேத்திரம் எங்கே?

திருமயம் குன்றில் ஒரே பாறையைக் குடைந்து இரு குகைக் கோயில்கள் அமைத்திருக்கிறார்கள். ஒன்றில் சத்தியகிரீசுவரர், மற்றொன்றில் சத்தியமூர்த்திப் பெருமாள். இருவர் திருநாமத்திலும் சத்தியமே முன் நிற்கிறது. ஆயினும் இரு கோயிலாருக்கும் இடையே நெடுநாள் வழக்கு இருந்தது. ஹொய்சளத் தளபதி அப்பண்ணர் 1245-இல் அதைத் தீர்த்து வைத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது.

வழக்காடியவர்கள் வேதம் அறியாதவர்களா? இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் நாம் சற்றே ஏளனமாகப் புன்னகை செய்வதுண்டு. அந்தப் புன்னகைக்கு ஒருநாள் தண்டனை கிடைத்தது.

அந்தியில் விளக்கேற்றியதும் கீதையின் இரண்டாம் அத்தியாயத்துக் கடைசி 19 சுலோகங்களை ஓதுவது நம் வழக்கம். காந்தியடிகளின் ஆசிரமத்தில் மாலைப் பிரார்த்தனையில் ஓதப்பட்டவை அவை. ஆசையிலிருந்து கோபமும், கோபத்திலிருந்து மதிமயக்கமும் பிறக்கும் விதத்தை அவை விளக்குகின்றன.

ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் அழகான கட்டுரை ஒன்றை நீட்டினான். "எதைப் பார்த்து எழுதினாய்?" என்று அதட்டி, அவனை வெளியே நிறுத்தினோம். அன்று மாலையும் ஓர் அக்ஷரம் பிசகாமல் பாராயணம் நடந்தது! மறுநாள் அவன், அடித்தும் திருத்தியும் எழுதிய பழைய தாள்களைப் பேசாமல் மேஜைமேல் வைத்தான். கட்டுரை முழுவதும் அவனுடையதே.

அப்போது நம் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம் பச்சாத்தாபம் அன்று, "இதை எப்படி மழுப்புவது?" என்பதுதான். துரியோதனன் எங்கே குடியிருக்கிறான் என்பது அந்தக் கணத்தில் விளங்கிற்று.

குருக்ஷேத்திரம் மனித நெஞ்சமே என்பது காந்தியடிகளின் துணிபு. அவ்விதம் பொருள் கூறிய அவருடைய 'அனாசக்தி யோகம்' வெளிவந்தது 1930 மார்ச் 12-ஆம் தேதி. அவர் தண்டிக்குப் புறப்பட்ட அதே தினம். உள்ளப் போர் என்பது வெளிக் கடமைக்குச் சாக்கு அன்று என்பதற்கு வேறு உரை வேண்டுமா?

வகுப்பு முழுவதும் கேட்க அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். நா எளிதில் எழவில்லை. அவனோ வெட்கத்துடன், "பரவாயில்லை, ஸார்" என்றான்.

அன்று மாலை கோபத்தைப் பற்றிய சுலோகம் வந்ததும் ஓதுவது தானே நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகள் நாம் கீதையைப் படித்தோம். அன்றுதான் கீதை நம்மைப் படித்தது.