ஒரு பூனையும் ஓர் அமானிதமும்

ஹதீஸ் பாடத்தில் அந்தப் பெண்ணின் செய்தியை இருபது வருடங்களாக ஓதிக் கொடுத்து வருகிறேன். ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி போடாமல், அது வெளியே போய் எதையாவது தேடித் தின்னவும் விடாமல் சாகடித்ததற்காகத் தண்டனை பெற்ற பெண்ணைப் பற்றி புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி அது. பொருள் சொல்லுவேன், இலக்கணம் சொல்லுவேன், அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுவேன். தங்கச்சி வீட்டுப் பூனை என் பொறுப்பில் வந்து சேரும் வரை, அது எனக்கும் சொல்லப்பட்ட செய்தி என்று நான் நினைத்ததே இல்லை.

தங்கச்சியின் கணவர் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் வேலை செய்கிறார். 2022ஆம் ஆண்டு நாட்டில் ஏற்பட்ட நெருக்கடிக்குப் பிறகு குடும்பத்தையும் அங்கே அழைத்துக்கொள்ள முடிவு செய்தார். 2023 ஜனவரியில் விசா வந்தது. மார்ச்சில் பயணம். வீட்டுச் சாமான்கள் எல்லாம் பங்கு போட்டாயிற்று. தையல் மெஷின் எங்கள் வீட்டுக்கு, அலுமாரி பக்கத்து வீட்டுக்கு. பஞ்சு என்ற பூனைதான் மிச்சம்.

"மார்க்கட் பக்கம் கொண்டுபோய் விட்டால் மீன் தலையைத் தின்று பிழைத்துக் கொள்ளும்" என்றார் ஒரு சொந்தக்காரர். நம் ஊர்களில் புதிதாக நடக்கும் காரியமல்ல இது. பேக்கில் கட்டிய பூனைக்குட்டிகள் பள்ளிவாசல் மதிலோரம் கிடப்பதை நானே எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். பார்த்துவிட்டுத் தொழப் போயிருக்கிறேன்.

தங்கச்சியின் மகளுக்கு ஒன்பது வயது. அவள் அழவில்லை. என்னிடம் வந்து, "மாமா, நீங்க ஓதிக் குடுக்கிற அந்தப் பூனை ஹதீஸ், கட்டி வைக்கிறவங்களுக்கு மட்டுமா? விட்டுட்டுப் போறவங்களுக்கும் இருக்கா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் மௌலவி நான் ஒருவன்தான். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பிராணியைச் சந்தையில் விடுவதும் தீனி போடாமல் கட்டி வைப்பதும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை என்றேன். சொன்ன பிறகு பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மறுநாளே பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு போய் விசர்நாய் நோய்த் தடுப்பூசி போட்டுவிட்டு வந்தேன். பெரிய காரியம் முடித்த சந்தோஷம். இரண்டு கிழமை கழித்து மைக்ரோசிப் வைத்தோம். அரிசி மணி அளவிலான அந்தச் சிறிய பொருளை ஊசியால் கழுத்துத் தோலுக்குக் கீழே வைப்பார்கள். கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். பெப்ரவரி கடைசியில் கடதாசிகளைப் பரிசோதித்த மிருக வைத்தியர் தேதிகளைப் பார்த்துவிட்டு, "மௌலவி, இந்த ஊசி கணக்கில் சேராது. சிப் முதலில், ஊசி பிறகு. திரும்பவும் போட வேண்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஊசி ஊசிதானே, பூனை அதே பூனைதானே? வீட்டுக்கு வரும் வழியில்தான் விளங்கியது. அறிவிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால், வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த அறிவிப்பை நாம் ஏற்பதில்லை. சிப் இல்லாத பூனைக்குப் போட்ட ஊசியும் அப்படித்தான். அந்த ஊசி இந்தப் பூனைக்குத்தான் போடப்பட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

விசர்நாய் நோய் விடயத்தில் இங்கிலாந்து தனது பட்டியலில் சேர்க்காத நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதனால் பட்டியலில் உள்ள நாடுகளைவிட நமக்கு நிபந்தனை கூட. ஊசி போட்டு ஆகக் குறைந்தது 30 நாட்கள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் ஒன்றில் எதிர்ப்புச் சக்தியைப் பரிசோதிக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆக, எதுவும் பிழைக்காமல் நடந்தாலே நான்கு மாதம். 2000ஆம் ஆண்டுக்கு முன்பு அந்த நாட்டுக்குப் போகும் பூனைகளையும் நாய்களையும் ஆறு மாதம் அடைத்து வைத்துத்தான் வெளியே விடுவார்கள். அதை நினைத்தால் இந்தக் காத்திருப்பு பெரிதல்ல. ஆனால் விசா கையில் வந்த பிறகு தொடங்கினால் பூனை பின்தங்கத்தான் செய்யும்.

மார்ச்சில் தங்கச்சியும் பிள்ளையும் பயணமானார்கள். பஞ்சு எங்கள் வீட்டில் தங்கியது. உரிமையாளர் பயணம் செய்யும் தேதிக்கு 5 நாட்கள் முன்பின்னாகத்தான் பூனையும் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொரு சட்டம். மச்சான் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்து, திரும்பும்போது அதையும் கொண்டு போவதாக ஏற்பாடு. எனது அவசரத்தால் தேதி பிந்தியது. மார்ச்சில் திரும்ப ஊசி, ஏப்ரலில் இரத்தம். மூன்று மாதம் முடிய ஜூலையாகிவிடும். ஜூன் கடைசியில் வந்த பெருநாளை மச்சானின் உம்மா மகன் இல்லாமலே கழித்தார். விடுமுறை ஆகஸ்டுக்குத் தள்ளிப் போனது. அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பாரமாக இருந்தது.

அந்த மாதங்களில் செய்த ஒரே நல்ல காரியம், பஞ்சுவைப் பெட்டிக்குப் பழக்கியது. பெட்டிக்கு அளவு இருக்கிறது. மூக்கிலிருந்து வாலடி வரையுள்ள நீளத்தோடு, நிலத்திலிருந்து முன்னங்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைச் சேர்த்தால் பெட்டியின் நீளம். தோள் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம். நின்றால் காது நுனி கூரையில் முட்டக்கூடாது. எழுந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். காற்றுத் துவாரங்கள் வேண்டும். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றக்கூடிய கிண்ணம் வேண்டும்.

முதல் இரண்டு கிழமை கதவைக் கழற்றிவிட்டுப் பெட்டியைக் குசினி மூலையில் வைத்தோம். உள்ளே பிள்ளையின் பழைய தொழுகை முந்தானை. சோறு வைப்பதும் அதற்குள்ளேதான். பிறகு கதவைப் பூட்டி ஐந்து நிமிடம், அடுத்த கிழமை அரை மணித்தியாலம். பின்னர் பெட்டியோடு முச்சக்கர வண்டியில் அக்குறணைச் சந்தி வரை ஒரு சுற்று. கடைசியில் பகல் தூக்கத்துக்குத் தானாகவே உள்ளே போகத் தொடங்கியது.

எனது உம்மா, "பயணத்தன்று ஒரு தூக்க மாத்திரை குடுத்தா நிம்மதியா போகுமே" என்றார். வைத்தியர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த மருந்துகள் இரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் தாழ்த்தும். பெட்டி ஆடும்போது கால் ஊன்றி நிற்க விடாது. பறக்கும்போது அதைப் பார்க்க அங்கே எவரும் இல்லை. மூக்குச் சப்பையான பேர்சியன் பூனை போன்றவற்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம், சாதாரணமாகவே அவற்றுக்கு மூச்சு சிரமம்.

பிள்ளை தொலைபேசியில் கேட்டது வேறு: "பிளேனின் வயிற்றுக்குள்ள மூச்சு விடலாமா மாமா?" பிராணிகளை ஏற்றும் பகுதியிலும் நாம் இருக்கும் இடத்தைப் போலவே காற்றழுத்தம் இருக்கும், சூடும் அளவாக வைப்பார்கள் என்று கேட்டறிந்து சொன்னேன். இங்கிலாந்துக்குள் வரும் பூனை கார்கோவாகத்தான் வரவேண்டும், மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

போய்ச் சேரும் நாளுக்கு முந்திய 10 நாட்களுக்குள் அரசாங்க மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழ் எடுத்தோம். பயணத்தன்று வயிறு நிறையத் தீனி போடவில்லை, சில மணி நேரத்துக்கு முன்பு கொஞ்சம் மட்டும். கிண்ணத்துத் தண்ணீரை உறைய வைத்து மாட்டினோம், உருக உருகக் குடிக்கும், சிந்தாது. கட்டுநாயக்கவில் பெட்டியை ஒப்படைத்தபோது பஞ்சு கத்தவில்லை. முந்தானைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

ஹீத்ரோ விமான நிலையத்தில் பிராணிகளுக்கென்று தனி வரவேற்பு நிலையம் உண்டு. அங்கே சிப் எண்ணையும் கடதாசிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, சில மணி நேரத்தில் மச்சானிடம் ஒப்படைத்தார்கள். லெஸ்டர் வீட்டில் இரண்டு நாள் கட்டிலுக்குக் கீழே ஒளிந்திருந்து, மூன்றாம் நாள் வந்து பிள்ளையின் காலடியில் சாப்பிட்டதாம்.

"இந்தக் காசுக்கு ஒரு குமர் காரியத்துக்கு உதவியிருக்கலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. செலவு சிறியதல்ல, உண்மைதான். எல்லோராலும் முடியாது, முடியாதவர்கள் மீது குற்றமும் இல்லை. அன்பாகப் பார்க்கும் ஒரு வீட்டைத் தேடி, பழக்கி, ஒப்படைத்துவிட்டுப் போவதும் அமானிதத்தை நிறைவேற்றுவதுதான். அதற்குக் காசு தேவையில்லை, முன்கூட்டிய யோசனைதான் தேவை. நான்காவது, ஐந்தாவது மாதத்தில் யோசித்தால் வழி பிறக்கும். கடைசிக் கிழமையில் யோசித்தால் சந்தைதான் மிஞ்சும்.

ஆகவே சகோதரிகளே, வெளிநாடு போக விசாப் படிவம் நிரப்பும் நாளிலேயே வீட்டில் வளரும் வாயில்லா ஜீவனையும் கணக்கில் எடுங்கள். சிப்புக்குப் பிறகே ஊசி என்பதை மறக்காதீர்கள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும், போகும் நாட்டின் விதியை மிருக வைத்தியரிடம் காட்டி, தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இப்போதும் அந்த ஹதீஸை ஓதிக் கொடுக்கிறேன். ஆனால் உடனே அடுத்த ஹதீஸுக்குப் போவதில்லை. பொறுப்பில் உள்ளவை எவை, அவற்றை யாரிடம் ஒப்படைத்தோம் என்று மாணவர்களிடம் கேட்கிறேன். அப்போதெல்லாம் மகன் வராத அந்தப் பெருநாளும் என் நினைவுக்கு வருகிறது. அல்லாஹ் எமது அவசரங்களை மன்னிப்பானாக.