மூட்டைக்குக் காவல் யார்?

"அதெல்லாம் சரி, மூட்டை முடிச்சைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமல்ல? அம்மா பார்த்துக்குவாங்க!"

என் வீட்டுக்காரர் வெகு சுலபமாகச் சொல்லிவிட்டு, பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

2025 தீபாவளி முடிந்த வாரம் அது. பலகாரத் தூக்கில் உடைந்த முறுக்கு மட்டும் மிச்சமிருந்தது. குழந்தைகளின் அரைப் பரீட்சை லீவு கிறிஸ்துமஸை ஒட்டி வருகிறதே, குடும்பத்தோடு கொச்சிக்குப் போய் வொண்டர்லா பார்த்துவிட்டு வரலாம் என்று கொழுந்தனார்தான் பேச்சை ஆரம்பித்தார். 2000-ல் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கினார்களே, பள்ளிக்கரையில் குன்றின் மேல், அதேதான். கோயம்புத்தூரிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை. ரயிலில் நாலு மணி நேரம். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அதுவரை அந்த மாதிரி இடத்தை எட்டிப் பார்த்ததில்லை.

போகிறவர்கள் ஒன்பது பேர். மாமாவுக்கு எழுபத்தெட்டு, அத்தைக்கு எழுபத்திரண்டு. நாங்கள் இருவர், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன். கொழுந்தனார், நாலு மாதம் முழுகாமல் இருக்கும் ஓரகத்தி, அவர்களுடைய மூன்று வயதுப் பொடியன். அத்தைக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும். மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு. இந்தக் கூட்டத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது என்றால் சும்மாவா?

அன்று மாலை அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "உங்களுக்கு வரப் பிரியமாங்க அத்தை?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் உறைத்தது, இதுவரை யாருமே அவரிடம் இப்படிக் கேட்கவில்லை என்று.

"நான் வந்தா என்ன, வராட்டி என்ன கண்ணு! வ.உ.சி. மைதானத்துல பொருட்காட்சி போடுவாங்களே, இவங்களெல்லாம் பொடிசா இருக்கறப்ப வருசா வருசம் போவோம். எல்லாரும் ராட்டினம் ஏறுவாங்க. செருப்பு, பை, தண்ணிக் கூசா எல்லாம் என் மடியில. ஒரு தடவைகூட நான் ஏறுனதில்ல. ஏறோணும்னு ஆசையா இருக்கும். யாராவது பார்த்துக்கோணுமல்ல?"

கீரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அத்தைக்கு முழங்கால் வலி வந்தபிறகு அந்த மடி என்னுடையதாகி இருந்தது. பழநிக்குப் போனாலும் சரி, ஊட்டிக்குப் போனாலும் சரி, படகுத் துறையில் பைகளோடு உட்கார்ந்து கையசைக்கிற ஆள் நான்தான். இந்த முறை யாரும் மூட்டைக்குக் காவலாக வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன்.

முதல் பிரச்சினை, எந்த நாள்? நம் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற அதே சமயத்தில்தான் கேரளத்துப் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் லீவு. போதாததற்குச் சபரிமலைக் கூட்டம்! டிசம்பரில் கேரளத்துக்குப் போகிற ரயில்களில் இருமுடிக்கு நடுவேதான் நமக்கு இடம். காலண்டரைப் புரட்டினேன். டிசம்பர் 27-ந் தேதி மண்டல பூஜை. அன்றிரவு நடை சாத்தினால் மகரவிளக்குக்காக 30-ந் தேதிதான் திறப்பார்கள். நடுவில் இருக்கிற இரண்டு நாள் நமக்கு வரப்பிரசாதம்! 28 ஞாயிறு கிளம்பி, 29 திங்களன்று பார்த்துவிட்டு, 30-ல் திரும்புவது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் திங்கள் எவ்வளவோ மேல்.

வேன் வைத்துக்கொண்டு போகலாம், குதிரான் சுரங்கப்பாதை திறந்தபிறகு அந்த வழி சுலபம் என்றார் கொழுந்தனார். வாஸ்தவம்தான். ஆனால் வேனில் கக்கூஸ் உண்டா? ஆண்களுக்கு இந்தக் கவலை ஏது! நம்மில் பலர் பிரயாணம் என்றாலே முதல் நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். குறைத்து, அடக்கி, ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்போடு டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் இந்த உபத்திரவம் இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே ரயிலேதான் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான். அதனால் அக்டோபர் 29-ந் தேதி காலை எட்டு மணிக்குச் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மகள் தயாராக இருந்தாள். மூத்த குடிமக்கள் சலுகைதான் 2020-லேயே போய்விட்டதே. அது மாமாவுக்கு இன்னும் ஆறாத புண்.

அடுத்து டாக்டர். அத்தையையும் ஓரகத்தியையும் அவரவர் டாக்டரிடம் அழைத்துப் போய், எங்கே போகிறோம், என்ன செய்வோம் என்று மறைக்காமல் சொன்னேன். தலைகீழாகச் சுற்றுவது, உயரத்திலிருந்து தொப்பென்று இறக்குவது போன்றவை இருதய நோய், ரத்தக் கொதிப்பு, முதுகு, கழுத்துக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடவே கூடாது. இதை அங்கேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓரகத்திக்கு ரயில் பிரயாணம் சரி, ரைடு எதுவும் வேண்டாம் என்று உத்தரவு. அத்தைக்கு, அலைக் குளத்தின் ஓரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்கலாம், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், சாப்பாட்டு நேரம் தப்பக்கூடாது, வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று மூன்று கண்டிஷன். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். வெயிலில் காய்ந்த தரை சுட்டுக் கொப்புளமானாலும் தெரியாதாம். பின்னால் வார் வைத்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கினேன்.

நடக்கப் பழக்கினது தனிக் கதை. அவ்வளவு பெரிய இடத்தில் நாள் முழுக்க நடக்க வேண்டுமே! நவம்பர் முதல் தேதியிலிருந்து தினமும் காலையில் அத்தையை ரேஸ்கோர்ஸுக்கு அழைத்துப் போனேன். முதலில் பத்து நிமிஷம். டிசம்பரில் நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அரை மணி. ("வலிக்குதுங்களா?" என்றால், "வலி இருக்கட்டும், அந்தப் பொம்பளை போட்டிருக்கற கம்மல் என்ன விலை இருக்கும்?" என்பார்.)

எல்லாவற்றையும் விடப் பெரிய மலை, உடுப்பு. தண்ணீரில் இறங்குகிறவர்கள் நைலான், பாலியெஸ்டர் மாதிரித் துணிதான் போட வேண்டும். பருத்தித் துணிக்கும் புடவைக்கும் அங்கே வேலையில்லை. கழுத்தில் தாலிக்கொடி ஏறிய நாளிலிருந்து புடவையைத் தவிர வேறொன்றும் உடுத்தாத மனுஷிக்கு இதை எப்படிச் சொல்வது? ஒப்பணக்காரத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, நீல நிறத்தில் முழுக்கை மேல்சட்டையும், கணுக்கால் வரை வருகிற தொளதொள பேன்ட்டும் வாங்கி வந்தேன். எனக்கும் அதே மாதிரி ஒன்று.

"ஏஞ்சாமி, இந்த வயசுல பேன்ட்டா? ஊரு சிரிக்காதா?"

இரண்டு நாள் அது கவர் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. மூன்றாம் நாள் இரவு சாப்பாடானதும் அத்தை அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி கழித்து உள்ளேயிருந்து மாமாவின் குரல்: "நல்லாத்தான இருக்குது! இதுக்கு ஏன் இத்தனை கூச்சம்?" நானும் மகளும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பெண் குழந்தைகள் உள்ள தாய்மார்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மகளுக்கு அந்தத் தேதியை ஒட்டித்தான் மாதவிலக்கு வர வேண்டியது. "மாத்திரை போட்டுத் தள்ளிக்கலாம்மா, என் சினேகிதி போட்டிருக்கா" என்றாள். டாக்டரைக் கேட்காமல் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, அது நாலு நாள் முந்திக்கொண்டது. மகனுடைய கவலையோ உயரம். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். நிலைக்கதவில் பென்சில் கோடு போட்டுத் தினமும் அளந்து பார்த்தான். ஒரு மாதத்தில் குடித்த பால் கொஞ்சமல்ல!

கடைசிப் பக்கத்தில் காவல் முறை எழுதினேன். பெரும்பாலான சாமான் லாக்கரில் போய்விடும். ஆனால் மாத்திரை, குளுக்கோஸ், தண்ணீர், பொடியனின் மாற்று உடுப்பு உள்ள ஒரு பை எப்போதும் வெளியே இருந்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். முதல் மணி கொழுந்தனார், இரண்டாவது என் வீட்டுக்காரர், பிறகு நான், மகள் என்று வரிசை. அத்தை பேரும் ஓரகத்தி பேரும் அதில் இல்லை. படித்துப் பார்த்த என் வீட்டுக்காரர், "ஆம்பிளைங்களும் பை தூக்கோணுமா?" என்றார். "ஆமாங்க, உங்க அம்மா நாப்பது வருசம் தூக்கியாச்சு" என்றேன். அதற்கப்புறம் பேச்சில்லை.

ஞாயிறு சாயங்காலம் எர்ணாகுளம் போய் இறங்கினோம். லிப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உண்டா என்று போனிலேயே கேட்டு வைத்திருந்த ஓட்டல். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. வாசல்களில் புல்கூடு என்று அவர்கள் சொல்கிற கிறிஸ்துமஸ் குடில். பொடியன் நட்சத்திரத்தை இருபது வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். வருஷக் கடைசி நள்ளிரவில் கோட்டைக் கொச்சியில் பப்பாஞ்ஞி என்ற பெரிய தாத்தா பொம்மையைக் கொளுத்துவார்கள். அதையும் பார்க்க மாமாவுக்கு ஆசைதான். கூட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டோம்.

திங்கள் காலை. அத்தை நீல உடுப்பில், மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தார். சுற்றிலும் பார்த்தார். அவரை யாருமே பார்க்கவில்லை! அவரைப் போல எத்தனையோ பாட்டிமார்கள். துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அலைக் குளத்தின் ஓரத்துக்கு வந்தார். முதல் அலை முழங்காலைத் தொட்டதும், "அய்யய்யோ கண்ணு!" என்று ஒரு கூச்சல். இரண்டாவது அலைக்கு உட்கார்ந்தே விட்டார். முப்பது வருஷம் குறைந்த முகம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவருமாகச் சிரித்த சிரிப்பில் மணி போனதே தெரியவில்லை.

அங்கேதான் தவறினேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று நோட்டில் எழுதியிருந்தது. கரையேறும்போது மணி ஒன்றே கால். சாப்பாட்டு வரிசை நீண்டிருந்தது. அத்தை திடீரென்று, "மயக்கமா வருது கண்ணு" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுங்குகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. காலையில் போட்ட மாத்திரை, வழக்கமில்லாத ஓடியாடல், தள்ளிப்போன சாப்பாடு, மூன்றும் சேர்ந்துகொண்டன. குளுக்கோஸ் பையில். பை என் வீட்டுக்காரரிடம். அவரோ சொன்ன இடத்தில் இல்லை! மகன் ரைடு ஏறுவதைப் பார்க்க நகர்ந்திருக்கிறார். என் போன் லாக்கரில்.

நான் கைகால் ஓடாமல் நிற்க, பக்கத்து மேஜையிலிருந்த ஒரு மலையாள அம்மா எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் பேரனுக்கு வாங்கின பழரச டப்பாவைப் பிரித்து அத்தையின் வாயில் வைத்தார். "ஷுகர் அல்லே? எனிக்கும் உண்டு" என்றார். பதினைந்து நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. அதற்குள் மகள் சாதத்தை வாங்கி வந்துவிட்டாள். சாப்பிட்டபிறகு அத்தையை நிழலில் படுக்க வைத்தோம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்று செய்யுங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கொண்ட சின்னப் பொட்டலத்தைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, அவர்கள் உடம்பிலேயே இருக்கும்படி செய்யுங்கள். இன்னொருவர் பையில் இருப்பது இல்லாததற்குச் சமம். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். உடனே ஆஸ்பத்திரிதான். இது எனக்கு முன்னமே தெரியும். தெரிந்து என்ன, நோட்டில் எழுதவில்லையே!

சற்று நேரத்தில் என் வீட்டுக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாவகாசமாக வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை அந்தப் பையை அவர் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, மகள் கேட்டும்கூட.

நாலு மணிக்கு அத்தை எழுந்து உட்கார்ந்தார். "வெயில் தாழ்ந்துட்டுதல்ல, இன்னொரு தடவை போலாமா?" என்றார். "வேண்டாம்மா" என்றார் மகன். "நீ பையைப் பார்த்துக்கோ சாமி, நாங்க வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை வரைக்கும் வந்து நின்றார்.

ஊர் வந்த மறுநாள் அந்த நீல உடுப்பை அலசி மாடியில், தெருப் பக்கம் தெரியாத கொடியில் காயப்போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் அங்கே இல்லை. முன்பக்கக் கொடியில், தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி, நாலு கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்கதான் வெயில் நல்லா அடிக்குது" என்றார் அத்தை.