எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

பட்டுப் புடவை வாங்குவதில் நீங்கள் சமர்த்தர்கள் என்பது எனக்குத் தெரியும். ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பீர்கள். முந்தானையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். கடைக்காரர் சொல்லும் விலையில் எவ்வளவு நிஜம் என்பதை அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து விடுவீர்கள். ஆனால், "இதோ இரண்டு துப்பாக்கிகள். எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்று உங்களை யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள்?

பயப்படாதீர்கள். யாரையும் சுடுவதற்கு அல்ல. காகித வட்டத்தைச் சுடுவதற்கு!

பத்திரிகை ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்கு உலகத்தில் எல்லா விஷயமும் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. ஆகையால்தான் என் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு, "நீ விசாரித்துச் சொல்லு. நீ சொல்வதை வாங்கி விடலாம்" என்றான். அண்ணன் மகளுக்கு வயது இருபத்திரண்டு. நாலு வருஷமாக ரைபிள் கிளப்புக்குப் போகிறாள். ஐம்பது மீட்டர் போட்டிகளில் மாகாண அளவுக்கு வந்து விட்டாள். இத்தனை நாளும் கிளப் துப்பாக்கியை வைத்துச் சமாளித்தாயிற்று. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பினால்தான் சொந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாம். வயதும் நிரம்பி விட்டது, பணமும் இருந்தது. அந்தப் பணம் அவள் கல்யாண நகைக்கென்று சேர்த்தது என்பதுதான் சங்கடம்.

"நகை வாங்க வைத்த பணத்தில் துப்பாக்கியா?" என்று என் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் விசாரிக்கக் கிளம்பினேன். விசாரித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், இந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது? இதற்கு போல்ட் ஆக்‌ஷன் என்று பெயர். போல்ட் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் திறக்கிறது. வெந்த தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழுகிறது. புதுத் தோட்டாவை வைத்து முன்னால் தள்ளிப் பிடியைக் கீழே இறக்கினால் பூட்டிக் கொள்கிறது. போட்டித் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் வைக்க வேண்டும். ஒரு வெடி, ஒரு தாழ்ப்பாள். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

சுட வேண்டிய இலக்கு எவ்வளவு பெரியது? பத்து மதிப்பெண் தரும் நடு வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ரவிக்கைப் பொத்தான் ஒன்றை எடுத்து, ஐம்பது மீட்டருக்கு அப்பால் வைத்துப் பாருங்கள். தெரிகிறதா? டெலஸ்கோப் கிடையாது. சின்னத் துவாரம் ஒன்றின் வழியாகப் பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். முழங்காலிட்டு இருபது, படுத்துக்கொண்டு இருபது, நின்றுகொண்டு இருபது, ஆக அறுபது வெடி. 600-க்கு 590 எடுத்து இறுதிச் சுற்றுக்குப் போய், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவில் வெண்கலப் பதக்கம் வாங்கினார் ஸ்வப்னில் குஸாலே. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலைக்குச் சேர்ந்தவர் அவர்!

இப்போது கம்பெனிகளைப் பார்ப்போம். ஜெர்மனி தேசத்தில் தூரிங்கியா என்று ஒரு மலைப் பிரதேசம். அங்கே மேலிஸ், ஸெல்லா என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிற்றூர்கள். மேலிஸில் 1856-ல் அன்ஷூட்ஸ் என்பவர் துப்பாக்கிப் பட்டறை தொடங்கினார். ஸெல்லாவில் 1886-ல் கார்ல் வால்தர் தொடங்கினார். 1919-ல் இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே ஊராயின. இரண்டாவது மகா யுத்தம் முடிந்து அந்தப் பிரதேசம் ரஷ்யர் வசம் போனதும், இரண்டு குடும்பங்களும் மேற்கே வந்து டான்யூப் நதிக்கரையிலுள்ள உல்ம் நகரத்திலேயே மறுபடியும் கடை விரித்தன. ஊர் விட்டு ஊர் வந்தும் அண்டை வீட்டுப் போட்டி விடவில்லை, பார்த்தீர்களா! இவர்களைத் தவிர ஸ்விட்ஸர்லாந்தில் ப்ளைக்கர், க்ரூனிக் - எல்மிகர் என்று இரண்டு பேர் இருக்கிறார்கள். கைக்கடிகாரம் செய்கிற தேசத்தாரின் கைநேர்த்தியைக் கேட்க வேண்டுமா?

"இவற்றில் எது உயர்ந்தது?" என்று துப்பாக்கி விஷயம் அறிந்த ஒரு பெரியவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு கதை சொன்னார்.

1860-ம் வருஷம் ஜூலை 2-ம் தேதி. லண்டனுக்குப் பக்கத்தில் விம்பிள்டன் மைதானத்தில் துப்பாக்கிப் போட்டிகளின் துவக்க விழா. முதல் வெடி வெடிக்க விக்டோரியா மகாராணி வந்திருந்தார். விட்வொர்த் என்ற நிபுணர் தாம் செய்த துப்பாக்கியை ஒரு இரும்புத் தாங்கியில் அசையாமல் பொருத்தி, குறியும் பார்த்து வைத்திருந்தார். மகாராணி பட்டுக் கயிறு ஒன்றை லேசாக இழுத்தார், அவ்வளவுதான். நானூறு கெஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கில், நட்ட நடுவிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு பாய்ந்தது!

"பார்த்தாயா அம்மா? தாங்கியில் கட்டி வைத்தால் நல்ல துப்பாக்கி எதுவும் சரியாகத்தான் சுடும். தாங்கியிலிருந்து எடுத்து மனுஷர் தோளில் வைத்த பிறகுதான் சமாசாரமே ஆரம்பமாகிறது" என்றார் பெரியவர்.

இன்றும் அப்படித்தான் பரீட்சை நடக்கிறது. துப்பாக்கிக் குழலை இடுக்கியில் இறுக்கி, வெவ்வேறு சமயத்தில் தயாரான தோட்டாக்களை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் ஒரு தொகுதித் தோட்டா ஒரு குழலுக்கு ஒத்துப் போகும். அடுத்த தொகுதி ஒத்துப் போகாது. ஒத்துப் போகிற தொகுதியாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வைத்துக் கொள்கிறார்கள். நாம் ஊறுகாய்க்கு ஒரே மரத்து மாங்காயாகத் தேடுவது போல!

ஆக, உயர்ந்த ரகத் துப்பாக்கிகளுக்குள் இரும்பில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் எல்லாம் உடம்புக்குப் பொருந்துவதில்தான். கன்னம் பதிகிற கட்டையை ஏற்றி இறக்கலாம். தோளில் மாட்டும் கொக்கியை நீட்டிக் குறைக்கலாம். விசையின் அழுத்தத்தை நூறு கிராமுக்கும் கீழே குறைத்து வைக்கலாம். ஆறு, ஏழு கிலோ எடையைத் தோளில் தாங்கி, மூச்சை நிறுத்திக் காத்திருக்கும்போது, எலும்பு சுமக்க வேண்டுமே தவிரச் சதை சுமக்கக் கூடாது. கழுத்தை ஒரு விரற்கடை வளைக்க நேர்ந்தாலும் நாற்பதாவது வெடியில் அது வலியாக வந்து நிற்கும்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை குறுக்கே வருகிறது.

நீங்கள் இருந்த இடத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறிய இடைவெளி விட்டு, அதன் வழியே எதிர்ச் சுவரிலுள்ள காலண்டரைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது காலண்டர் நகராமல் அங்கேயே நிற்கிறதோ, அதுதான் உங்களுடைய மேலோங்கிய கண். பெரும்பாலோருக்கு வலது கண். அண்ணன் மகளுக்கு இடது கண்.

கண் மட்டுமா? கையும் இடக்கைதான். ஐந்து வயதில் அவள் இடக்கையால் சாதத்தைப் பிசைந்தபோது அம்மா புறங்கையில் ஒன்று வைத்தாள். ஸ்லேட்டில் எழுதும்போது இன்னொன்று. இரண்டே வருஷத்தில் குழந்தை வலக்கைக்காரி ஆகிவிட்டாள். கிளப்பில் இருந்ததும் வலக்கைத் துப்பாக்கிதான். இடது கண்ணை ஒரு அட்டையால் மறைத்துக் கொண்டு, வலது தோளில் வைத்தே நாலு வருஷமும் சுட்டாள். அப்படிச் சுடுகிறவர்கள் பலர் உண்டு, அதில் குற்றமில்லை. ஆனால் சென்ற வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் இடக்கைத் துப்பாக்கியை விளையாட்டாகத் தோளில் வைத்துப் பார்த்திருக்கிறாள். "அத்தை, அட்டையே வேண்டியிருக்கவில்லை. வட்டம் தானாக வந்து நடுவில் உட்கார்ந்தது" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

இப்போது எங்கள் முன்னால் இருந்த இரண்டு துப்பாக்கிகளைக் கேளுங்கள். ஒன்று, பழைய வீராங்கனை ஒருவர் கொடுக்க முன்வந்த வலக்கைத் துப்பாக்கி. பேர் பெற்ற கம்பெனி, பதக்கம் வாங்கிய குழல், விலையும் பாதிதான். மற்றொன்று, வெளிநாட்டுக்கு ஆர்டர் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருந்து வாங்க வேண்டிய இடக்கைத் துப்பாக்கி. விலை பல லட்ச ரூபாய். சேர்த்த பணம் அத்தனையும் போய்விடும். அதோடு முடியவில்லை, தோள் மாற்றிப் பழக ஒரு வருஷமாவது பிடிக்கும், அந்த வருஷத்துப் போட்டிகளை மறந்துவிட வேண்டியதுதான்.

"வலக்கைத் துப்பாக்கியையே இடது தோளில் வைத்துக் கொண்டால் என்ன?" என்று அண்ணன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் தாழ்ப்பாளை நினைத்துப் பாருங்கள்! அது வலப் பக்கம் இருக்கிறது. வலக்கையோ தோல் வாரில் மாட்டித் துப்பாக்கியைத் தாங்கிக் கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் பிடியைக் கலைத்துத் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். அறுபது வெடிக்கு அறுபது தடவை!

"பதக்கம் வாங்கிய துப்பாக்கியாயிற்றே" என்று அண்ணி இழுத்தாள். அதற்கும் நான் ஒரு சமாசாரம் வைத்திருந்தேன். டாக்டர் படிப்பை விட்டுவிட்டுத் துப்பாக்கி சுட வந்த ஸிஃப்ட் கௌர் ஸம்ரா, 2023-ல் ஹாங்ஷௌ ஆசிய விளையாட்டில் 469.6 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றார். அடுத்த வருஷம் பாரிஸில் அவருக்குக் கிடைத்தது 31-வது இடம். பதக்கம் துப்பாக்கிக் குழலில் ஒட்டிக் கொண்டு வருகிற வஸ்து அல்ல.

அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் வெற்றிலையைக் கிள்ளிக் கொண்டிருந்தாள். அவளுக்காக இன்னொரு கதை சொன்னேன். 1976-ம் வருஷம் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் இதே மூன்று நிலைப் போட்டியில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆண்களோடு நின்று சுட்டார். அவரும் அவருடைய நாட்டுக்காரரான லான்னி பாஷமும் ஆளுக்கு 1162 புள்ளி. கடைசி வரிசை வெடிகளை ஒப்பிட்டுத் தங்கத்தை பாஷமுக்குக் கொடுத்தார்கள். தேசிய கீதம் ஒலித்தபோது பாஷம் என்ன செய்தார் தெரியுமா? கீழ்ப் படியில் நின்ற மர்டாக்கின் கையைப் பிடித்துத் தம் படியில் ஏற்றி, பக்கத்தில் நிறுத்திக் கொண்டார். துப்பாக்கி சுடுவதில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

அம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்தினாள். "அந்தக் கையை அடித்துத் திருத்தினவள் நான்தானே?" என்றாள். சற்று நேரம் யாரும் பேசவில்லை. "நகை அப்புறம் பண்ணிக் கொள்ளலாம். கையாவது அது போகிற பக்கம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இடக்கைத் துப்பாக்கி வந்து ஏழு மாதம் ஆகிறது. அண்ணன் மகள் தன் பழைய எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை. நாலைந்து புள்ளி குறைவாகத்தான் இருக்கிறாள். அண்ணன் மாதா மாதம் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கழுத்து வலிக்குத் தைலம் வாங்கி வரச் சொல்வதை மட்டும் நிறுத்தி விட்டாள்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி வாங்கும் சந்தர்ப்பம் வராமலே போகலாம். ஆனால் வீணையோ, தையல் மெஷினோ, டென்னிஸ் மட்டையோ குழந்தைக்கு வாங்கத்தான் போகிறீர்கள். கம்பெனி பேரைக் கேளுங்கள், விலையையும் கேளுங்கள். அவற்றுக்கு முன்னால், குழந்தையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு நிமிஷம் பார்த்துக் கொண்டிருங்கள்.