அரக்கு நிறத்தில் ஒரு சாண்

அவர் மேசைக்கு எதிரே எனக்கு ஒரு நாற்காலி உண்டு. பேசக்கூடாது என்று அவர் சொன்னதில்லை. ஆனால் பெயின்ட் ஈரமாக இருக்கும் அறையில், பேச்சோடு தூசியும் கிளம்பிவிடும் என்று ஒரு பயம். உட்கார்ந்ததும் வாய் தானே மூடிக்கொள்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் நான் குடியிருக்கும் மாடி அறை அவருடையது. எழுபதைத் தாண்டியவர். ஊரின் கிழக்கே கவ்லி கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நிஜக் கார்களுக்குக் கதவு மாட்டி மாட்டிக் காய்த்துப்போன அந்தக் கைகள், இப்போது இருபத்துநாலில் ஒரு பங்கு அளவுள்ள ஒரே ஒரு பிளாஸ்டிக் காரோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டுகின்றன. (நம் அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் பிறந்ததும் கவ்லியில்தான். அது எங்கள் ஊரில் இத்தனை வருடம் ஓடியது என்று சொன்ன அன்றுதான் இந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.)

கார், ஜாகுவார் மார்க் 2. 1959 முதல் 1967 வரை கவன்ட்ரியில் செய்தது. நிஜத்தில் நாலரை மீட்டருக்குச் சற்று மேல்; மேசையில் 19 சென்டிமீட்டர், என் கைக்கு ஒரு சாண். பெட்டிக்குள் இருந்தது யாருடையதும் அல்லாத ஜாகுவார். அவருக்கு வேண்டியது இன்ஸ்பெக்டர் மோர்ஸின் ஜாகுவார். ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’, 1987-இல் தொடங்கி 2000 வரை ஐடிவி சேனலில் 33 கதைகளாக வந்த துப்பறியும் தொடர். கொலைகள் பெரும்பாலும் இந்த ஊரில்தான். சுவரோரம் டி.வி.யில் அதே தொடர் சத்தமில்லாமல் ஓடுகிறது. கார் வந்தால் ரிமோட்டை அழுத்தி நிறுத்துவார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், எழுந்து போய்த் திரையோடு முகத்தை வைத்துப் பார்ப்பார். பிணம் கிடக்கும் காட்சிகளை ஓட்டிவிடுகிறார்.

பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்றும் தேவையில்லை. நிறம், கூரை, நம்பர் பிளேட். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் மூன்று வாரம்.

நிறம் அரக்கு. நம் வீட்டுப் பட்டுப் புடவைகளில் பார்த்த அதே அரக்கு. நாலு குப்பிகளைக் கலந்து, வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் தடவித் தடவிப் பார்த்தார். பதினோரு கரண்டிகள் ஜன்னலில் வரிசையாகக் காய்ந்தன. எனக்கு எல்லாம் ஒன்றுதான். ஏழாவதை எடுத்துக்கொண்டார். மூன்றாவது பூச்சு பூசிய அன்று பின்கதவுக்கு மேலே ஒரு விரல்ரேகை விழுந்தது. அவருடையதுதான். கெட்ட வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. உப்புத்தாளைத் தண்ணீரில் முக்கி, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுவது மாதிரி மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். துப்பறிவாளர் காரில் கைரேகை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இன்று கூரை. மோர்ஸ் காரின் கூரைக்குக் கறுப்பு வினைல் உறை உண்டு. ஜாகுவார் பக்தர்களில் பலருக்கு அது பிடிக்காது. முகம் துடைக்கும் காகிதம் ஒன்றை எடுத்து, இரண்டு ஏடாக ஒட்டியிருந்ததைப் பிரித்து, ஒற்றை ஏட்டைக் கூரைமேல் விரித்தார். தண்ணீர் விட்டு நீர்க்கவைத்த பசையைத் தூரிகையால் ஒற்றினார். இழுக்கவில்லை, ஒற்றினார், இழுத்தால் கிழியும். காகிதம் நனைந்து, கூரையின் வளைவோடு படிந்து, காணாமலே போய்விட்டது. காய்ந்தபின் விளிம்பை ஒரு புது பிளேடால் ஒரே வீச்சில் அறுத்தார். மேலே பளபளக்காத கறுப்பு. காகிதத்தின் நார் பெயின்டுக்கு அடியிலிருந்து மெல்லத் தலைகாட்ட, தோல் போல ஒரு சொரசொரப்பு வந்தது. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த மாற்று வேலையில் அவருக்கு ஒரு முன்னோடி உண்டு: கதாசிரியர் காலின் டெக்ஸ்டரே. 1975-இல் தொடங்கிய நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா என்ற இத்தாலியக் கார். டி.வி. ஜாகுவாரைக் கொடுத்தது; ஜனங்கள் மனதில் அதுவே ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த மறுபதிப்புகளில் லான்சியா போய் ஜாகுவார் ஏறிவிட்டது. அந்தப் பழைய பதிப்பும் புதியதும் இந்த மேசை ஓரத்திலேயே இருக்கின்றன. இரண்டும் பெயின்ட் டப்பாவுக்கு முட்டுக்கொடுக்கின்றன.

மோர்ஸாக நடித்த ஜான் தோ, எழுபதுகளில் ‘தி ஸ்வீனி’ தொடரில் திருடர்களைத் துரத்திய போலீஸ்காரர். அதில் ஜாகுவார் திருடர்களின் வண்டி. மோர்ஸோ துரத்துகிற ஆளே இல்லை. பீர், குறுக்கெழுத்து, ஓபரா. அவருடைய கார் மார்க் 2-களிலேயே சின்ன என்ஜின் கொண்ட 2.4 லிட்டர். பெட்டியில் வந்ததோ 3.8. முன்னாலிருந்து பார்த்தால் கார் ஒன்றுதான். முன்கிரில்லின் உச்சியில் உள்ள சின்ன வில்லையில் மட்டும் எண் மாறும்.

நம்பர் பிளேட் பத்து நிமிடத்தில் முடிந்தது. 248 ஆர்பிஏ. எழுத்தின் உயரம் மூன்றரை மில்லிமீட்டர். சாமணத்தால் எடுத்து வைத்ததும், யாருடையதும் அல்லாத கார் சட்டென்று ஒரு ஆளுடையதாகிவிட்டது. அத்தோடு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. தூரிகையின் மயிர்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஒற்றை மயிரில் நிறுத்தினார். மூச்சை அடக்கி, கிரில்லின் வில்லைமேல் குனிந்தார். தேநீரில் ஆடை படிந்தது.

கடைசியில் லென்ஸை என் பக்கம் நீட்டினார். “பாருங்கள். 2.4.”

பார்த்தேன். ஊசிமுனை அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி. தலையை ஆட்டினேன்.

லென்ஸைத் திரும்ப வாங்கி அவரும் பார்த்தார். நாலு கொஞ்சம் சாய்ந்திருக்கிறதாம். உப்புத்தாளைத் தேடினார்.